காரைக்குடியிலிருந்து குறைந்த செலவில் பார்சல் அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், பெங்களூரில் குடியிருக்கும் என் தங்கைக்கு மணகோலமும் சீப்புச் சீடையுமாக இரண்டு கிலோ பலகாரத்தை, மிக்ஸி வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டியில் போட்டு, மிச்ச இடத்தில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, காரைக்குடியில் ஒரு கூரியர் கவுண்டருக்கு எடுத்துச் சென்றேன். தராசு 2 கிலோ 200 கிராம் காட்டியது. கவுண்டரில் இருந்த தம்பி அதோடு விடாமல் டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து, கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பலகாரம் ரெண்டு கிலோதான், பெட்டி ஆறு கிலோ" என்றார். நான் சண்டைக்குப் போகவிருந்தேன். நல்லவேளையாக அவர் அந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பி, அப்பத்தா காலத்து பிஸ்கட் டின்னில் அதே பலகாரத்தைக் குலுக்கி அடைத்து மறுநாள் கொண்டுபோனபோது, டின்னின் கனத்தையும் சேர்த்து 3 கிலோவுக்கான கட்டணத்தோடு முடிந்தது.

அன்று முதல் எந்தப் பார்சலை அனுப்பினாலும், கவுண்டரில் சொல்லும் கட்டணத்தை மட்டும் வைத்து எது மலிவு என்று முடிவு செய்வதில்லை. பெட்டியை எப்படிக் கட்டினோம் என்பதிலும், மறுமுனையில் அதை யார், எங்கே வந்து வாங்கப்போகிறார் என்பதிலும்தான் பாதிச் செலவு ஒளிந்திருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் வட்டாரத்திலிருந்து பொருள் அனுப்புவோர் எந்த வரிசையில் யோசித்தால் வீண்செலவு குறையும் என்பதைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: என்ன அனுப்புகிறோம் என்று பிரித்துப் பார்த்தல்

எல்லாவற்றையும் "பார்சல்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். கட்டணமோ பொருளுக்குப் பொருள் வேறு. பத்திர நகல், கல்விச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ் போன்ற தாள்கள் ஒரு வகை. அச்சிட்ட புத்தகங்கள் இன்னொரு வகை. இவற்றுக்கு அஞ்சல் துறையில் தனிச் சலுகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கண்டாங்கிச் சேலை போன்ற துணிகள் மடித்தால் மடிந்து, அமுக்கினால் அமுங்கும்; ஆகவே அவற்றுக்குப் பெட்டியே தேவையில்லை. பலகாரம் எடையில் குறைவு, இடத்தில் அதிகம், நொறுங்கவும் செய்யும். கவுனி அரிசி, பித்தளைப் பாத்திரம், ஆத்தங்குடிப் பூக்கல் (தரையில் பதிக்கும் பூ வேலை ஓடு) போன்றவை சிறிய இடத்தில் பெரிய எடை. ஒரு வகைக்கு மலிவான வழி இன்னொரு வகைக்கு மலிவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

எதை அனுப்பக் கூடாது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். பட்டாசு, தீப்பெட்டி, வாசனைத் திரவியம், தனி லித்தியம் பேட்டரி, ரூபாய் நோட்டு ஆகியவற்றைச் சாதாரணப் பார்சலில் வைத்தால் வழியில் நிறுத்தப்படும். நல்லெண்ணெய், ஊறுகாய் போன்ற ஒழுகும் பொருட்களைப் பல இடங்களில் வாங்கவே மாட்டார்கள். வாங்கினாலும், ஒரு பாட்டில் கசிந்தால் நம் சேலையோடு பக்கத்துப் பெட்டிக்காரரின் பொருளும் பாழாகும்.

இரண்டாம் படி: எடையும் கன அளவு எடையும்

மிக்ஸிப் பெட்டியின் நீளம் 40 செ.மீ., அகலம் 30 செ.மீ., உயரம் 25 செ.மீ. மூன்றையும் பெருக்கினால் 30,000. பெரும்பாலான கூரியர் நிறுவனங்கள் இந்தத் தொகையை 5,000-ஆல் வகுத்து வருவதைக் கிலோவாகக் கொள்கின்றன. அதாவது 6 கிலோ. இதற்குக் கன அளவு எடை என்று பெயர். கவுண்டரில் இதையே "வால்யூமெட்ரிக்" என்பார்கள். உண்மையான எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். வண்டியிலும் விமானத்திலும் இடம் ஓர் அளவுக்குத்தான் இருக்கிறது, பஞ்சு மூட்டையும் இரும்பு மூட்டையும் அடைப்பது ஒரே இடத்தைத்தான் என்று யோசித்தால் இந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது. அஞ்சல் துறையும் பார்சல்களுக்கு நீள, அகல, உயரத்தைக் கேட்கிறது. சில நிறுவனங்கள் வகுக்கும் எண்ணை மாற்றிக்கொள்வதால், "எத்தனையால் வகுக்கிறீர்கள்?" என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. அந்த எண் பெரிதாக இருந்தால் நமக்கு லாபம்.

என் பிஸ்கட் டின்னை வைத்த சிறிய பெட்டி 30, 22, 15 செ.மீ. பெருக்கினால் 9,900, 5,000-ஆல் வகுத்தால் 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. டின்னோடு சேர்த்துத் தராசு 2 கிலோ 600 கிராம் காட்டியதால் உண்மை எடையே கணக்கில் வந்தது. கூரியர்க்காரர்கள் அரைக் கிலோ படியாகக் கணக்கிடுவார்கள். 2 கிலோ 510 கிராம் என்றாலும் 3 கிலோவுக்குத்தான் பில் போடுவார்கள். இந்தப் படிக்கட்டைத் தெரிந்துகொண்டால், ஒரு கைப்பிடிப் பலகாரத்தை வெளியே எடுத்து ஒரு படி கீழே இறங்குவதா, அல்லது அதே கட்டணத்தில் இன்னும் 400 கிராம் சேர்த்து அனுப்புவதா என்பதை வீட்டிலேயே முடிவு செய்யலாம். நான் எப்போதும் சேர்த்து அனுப்புகிற கட்சி.

இதற்காகப் பெரிய தராசு வாங்க வேண்டியதில்லை. சமையலறையில் மாவு நிறுக்கும் தராசு 5 கிலோ வரை போதும். அதற்கு மேல் என்றால் பெட்டியோடு குளியலறை எடைப் பொறியில் ஏறி, பிறகு பெட்டி இல்லாமல் ஏறி, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளலாம். பெட்டியை ஒட்டி முடித்த பிறகு, புடைத்த இடத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். நடுவில் இரண்டு செ.மீ. உப்பிய பெட்டியை அவர்கள் உப்பிய இடத்தில்தான் அளப்பார்கள்.

மூன்றாம் படி: கட்டும் முறை

பலகாரம் கட்டுவதுதான் இதில் கைப்பக்குவம் வேண்டிய வேலை. மணகோலத்தில் வெல்லப்பாகு இருப்பதால் ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தேன்குழலும் சீடையும் நமுத்துப்போகும். தீபாவளி வருவதோ வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். ஆகவே பலகாரம் முழுவதும் ஆறிய பிறகுதான் கட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, ஊர் போய்ச் சேரும்போது வாசனை மாறியிருக்கும். கெட்டியான பாலிதீன் பையில் அரைக் கிலோ, அரைக் கிலோவாகப் பிரித்துப் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மெழுகுவர்த்திச் சுடரிலோ சீலிங் மெஷினிலோ ஒட்டி, அதற்கு மேல் இன்னொரு பை போட வேண்டும். தேன்குழலை முழு வட்டமாக அனுப்ப ஆசைப்பட்டால் இடமும் அதிகம் பிடிக்கும், பாதி நொறுங்கியும் போகும். கை விரல் நீளத்துக்கு உடைத்து அடுக்கினால் இரண்டு செலவும் குறையும். தங்கை முதலில் குறைப்பட்டுக்கொண்டாள். இப்போது அவளே உடைத்து அனுப்பச் சொல்கிறாள். அதிரசம் போன்ற எண்ணெய்ப் பசையுள்ள பலகாரத்தை மட்டும் இவற்றோடு கலக்காமல், எண்ணெய் உறிஞ்சும் தாள் சுற்றித் தனிப்பையில் வைக்க வேண்டும்.

டின்னில் வைத்தால் நொறுங்காது. ஆனால் டின்னின் கனத்துக்கும் பணம் கட்டுகிறோம். கைப்பிடி அளவு பலகாரத்துக்கு டின் வேண்டாம். மூன்றடுக்கு அட்டைப்பெட்டி போதும். மளிகைக் கடையில் சோப்பு, பிஸ்கட் வந்த பெட்டியைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், அல்லது பத்து இருபது ரூபாய் வாங்குவார்கள். பெரிய பெட்டி மட்டும்தான் கிடைத்தது என்றால் நான்கு மூலைகளையும் மேலிருந்து தேவையான உயரத்துக்குக் கத்தியால் கீறி, மடித்து, பெட்டியின் உயரத்தையே குறைத்துக்கொள்ளலாம். உள்ளே காலி இடத்தைத் தாளால் நிரப்புவதைவிட இதுவே சிக்கனம். பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது.

கண்டாங்கிச் சேலைக்குப் பெட்டி வீண். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூரிலிருந்து கேட்டு வாங்குவோர் கூடியிருக்கிறார்கள். அழகான அட்டைப்பெட்டியில் அனுப்ப வேண்டும் என்ற ஆசையும் கூடியிருக்கிறது. பருத்திச் சேலையைத் தட்டையாக மடித்து, தண்ணீர் புகாத பையில் இட்டு, மேலே துணிப்பையோ கூரியர் உறையோ போட்டால் கன அளவு எடை உண்மை எடையைத் தாண்டாது.

ஆத்தங்குடிப் பூக்கல்லை அனுப்புவோர் அதைப் படுக்கையாக ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் தாள் வைத்து, நிற்கவைத்து அடுக்கி, சுற்றிலும் வைக்கோல் திணித்து மரச்சட்டத்தில் இறுக்க வேண்டும். படுக்கையாக அடுக்கிய கற்களில் அடியில் இருப்பவை வண்டிக் குலுங்கலில் விரிசல் விடும்.

நான்காம் படி: எந்த வழி?

அஞ்சல் துறையிலிருந்து தொடங்கலாம். செட்டிநாட்டுக் கிராமங்களுக்கு இதைவிடப் பரந்த வலை வேறு யாரிடமும் இல்லை. சில கூரியர்கள் கிராமப் பின்கோடைப் பார்த்ததும் "அந்த ஊருக்கு டெலிவரி இல்லை, காரைக்குடியில் வந்து வாங்கிக்கொள்ளட்டும்" என்பார்கள், அல்லது தொலைவுக் கட்டணம் என்று தனியாகச் சேர்ப்பார்கள். அஞ்சல்காரர் வீட்டு வாசல் வரை வருவார்.

2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே "ரிஜிஸ்டர் போஸ்ட் மலிவாயிற்றே" என்று பழைய நினைப்பில் போகிறவர்கள் புதிய கணக்கைப் பார்க்க வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஸ்பீடு போஸ்ட் கட்டணப்படி, 51 முதல் 250 கிராம் வரையிலான தபாலுக்கு 201 முதல் 500 கி.மீ. தூரத்துக்குள் 63 ரூபாய். 251 முதல் 500 கிராம் வரை 75 ரூபாய். காரைக்குடியிலிருந்து சென்னை இந்தத் தூரத்துக்குள் வரும். 2,000 கி.மீ.க்கு மேல் உள்ள டில்லிக்கு அதே எடைகளுக்கு 77 ரூபாயும் 93 ரூபாயும் ஆகும். இவற்றின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. பெறுபவர் கையில் மட்டும் ஒப்படைக்க வேண்டும் என்றால் பதிவு வசதிக்கு 5 ரூபாயும் வரியும் சேரும். சென்னைக்கும் டில்லிக்கும் இடையே கால் கிலோ தபாலுக்கு 14 ரூபாய்தான் வித்தியாசம் என்பதைக் கவனிக்க வேண்டும். தாள்களுக்குத் தூரம் பெரிய செலவில்லை; எடை கூடக் கூடத்தான் தூரம் கடிக்கத் தொடங்கும்.

பொருளுள்ள பெட்டிக்குப் பார்சல் கட்டணம் தனி. கவுண்டரில் பெட்டியை நீட்டியதும் வழக்கமாக ஸ்பீடு போஸ்ட்டிலேயே போட்டுவிடுவார்கள். அவசரமில்லாத பொருளுக்கு, தரைவழியாக மெதுவாகச் செல்லும் சாதாரணப் பார்சலில் எவ்வளவு ஆகும் என்று நாமே கேட்க வேண்டும். கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். அஞ்சல் துறையின் இணையதளத்தில் பின்கோடு, எடை, அளவு கொடுத்தால் இரண்டின் கட்டணமும் வரும். வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போனால் வரிசையில் நின்று கணக்குப் போட வேண்டாம்.

புத்தகம் அனுப்புவோருக்கு 2025 மே 1 முதல் "ஞான் போஸ்ட்" என்ற சேவை இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோ வரை 100 ரூபாயில் முடிகிறது, வரி தனி. தரைவழியாகப் போவதால் தாமதமாகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று எண்ணை வைத்துப் பார்க்க முடியும். ஐந்து கிலோ புத்தகத்தை நாட்டின் எந்த மூலைக்கும் இந்த விலையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேறு வழி இல்லை. நடுவில் கடிதமோ வேறு பொருளோ வைத்தால் இந்தச் சலுகை போய்விடும்.

அடுத்தது கூரியர். எஸ்.டி., புரொஃபஷனல், டி.டி.டி.சி. போன்ற நிறுவனங்களின் முகவர்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்குள் அரைக் கிலோ, ஒரு கிலோ உறைகளுக்கு இவர்கள் அஞ்சலோடு போட்டி போடுகிற விலையைச் சொல்வதுண்டு. பெரும்பாலும் முகவர்கள் வழியே நடக்கும் தொழில் என்பதால், ஒரே நிறுவனத்தின் இரு கவுண்டர்களில் இரு விலை கேட்க நேரும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு இடத்தில் கேளுங்கள். மாதத்துக்கு நாலைந்து முறை அனுப்புகிறவர் என்றால் அதைச் சொல்லிக் குறைக்கச் சொல்லலாம். பல கூரியர்களின் விலையை ஒரே திரையில் ஒப்பிட்டுக் காட்டும் ஷிப்ராக்கெட் போன்ற இணையச் சேவைகளும் உண்டு. ஆனால் நாம் பதிவிட்ட எடைக்கும் அவர்கள் கிடங்கில் அளந்த எடைக்கும் வித்தியாசம் வந்தால் பிறகு நம் கணக்கிலிருந்து பணம் பிடிப்பார்கள். அதனால் டேப்பையும் தராசையும் பெட்டியின் மேல் வைத்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பத்துக் கிலோவைத் தாண்டினால் வேறு உலகம். இங்கிருந்து இரவில் சென்னை, கோவை, பெங்களூர் போகும் ஆம்னி பஸ்களின் அலுவலகத்தில் பார்சல் போடலாம். கட்டணம் பேச்சுவார்த்தையில்தான் முடியும். மாலையில் கொடுத்தால் விடியற்காலையில் ஊர் போய்விடும் என்பதே இதன் பெருமை. வாங்குகிறவர் பஸ் நிற்கும் இடத்துக்கு வர வேண்டும் என்பதே இதன் சிறுமை. தென்மாவட்ட பஸ்கள் கோயம்பேட்டில் நின்ற காலத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு ஆம்னி பஸ்களும் அங்கே மாறிய பிறகு, பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ இருப்பவர் காலை ஐந்து மணிக்கு ஆட்டோ வைத்துப் போய் வாங்குவதற்கு, பார்சலுக்குக் கொடுத்ததைவிட அதிகம் கொடுக்க நேரிடும். தாம்பரம், வண்டலூர்ப் பக்கம் இருப்பவருக்கு இன்றும் இதுவே மலிவு. வாங்குகிறவர் வீடு எங்கே என்று கேட்காமல் பஸ்ஸில் போடாதீர்கள்.

பித்தளை அண்டா, மரச்சாமான், பூக்கல், அரிசி மூட்டை போன்றவற்றுக்கு லாரி பார்சல் சர்வீஸ்தான். இங்கே கிலோக் கணக்கு மிகக் குறைவு. ஆனால் பில்லில் ஏறும் இனங்கள் பல. சரக்குக் கட்டணம், ஏற்று கூலி, இறக்கு கூலி, எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதுக்கான தொகை, வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் டோர் டெலிவரி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறும். குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றும் இருக்கும். 8 கிலோ பெட்டிக்கும் அதையே வாங்குவதால் சிறிய பொருளுக்கு லாரி மலிவில்லை. "எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, அந்தத் தொகையை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். "டு பே" என்று போட்டால் பணத்தை வாங்குகிறவர் கட்டுவார். உறவினருக்கு அனுப்பும் சீர்ப் பொருளில் அப்படிப் போட்டுவிட்டுச் சொல்லாமல் இருந்தால் ஆயுளுக்கும் பேச்சு மிஞ்சும். வணிகச் சரக்கு தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாயையும், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாயையும் தாண்டினால் இ-வே பில் எனப்படும் மின்னணுச் சரக்குச் சீட்டு வேண்டும்.

ரயிலிலும் பார்சல் அனுப்பலாம். ஆனால் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, மறுமுனையிலும் நிலையத்துக்குப் போய் எடுக்க வேண்டும். காலதாமதமாக எடுத்தால் அதற்கும் பணம். இருசக்கர வாகனம் அனுப்புவது போன்ற தேவைக்கு அது சரி. பலகாரப் பெட்டிக்குச் சுற்றுவழி. அதே ரயிலில் ஊருக்குப் போகிற உறவினர் கையில் கொடுப்பது வேறு கதை. பல்லவன் எக்ஸ்பிரஸில் போகிறவர் எத்தனை பேர் நம் தெருவில் இருக்கிறார்கள்? இரண்டாம் வகுப்புப் பயணி 35 கிலோ வரை தம்மோடு இலவசமாகக் கொண்டுபோகலாம். ஆனால் மூன்று கிலோவுக்கு மேல் இன்னொருவர் தலையில் சுமத்துவதை நான் நாகரிகமாக நினைப்பதில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை அவருக்குத் திறந்து காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: மொத்தச் செலவை எழுதிப் பார்த்தல்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வழிக்கும் ஐந்து தொகைகளை எழுதுங்கள்: பெட்டியும் டேப்பும், நம் வீட்டிலிருந்து கவுண்டருக்குப் போகும் செலவு, வரியோடு சேர்ந்த கட்டணம், மறுமுனையில் வாங்கப் போகும் செலவு, உடைந்தாலோ தொலைந்தாலோ நமக்கு ஏற்படும் இழப்பு. பள்ளத்தூரில் இருப்பவர் 30 ரூபாய் குறைவு என்பதற்காகக் காரைக்குடி வரை ஆட்டோவில் வந்தால் அது மலிவல்ல. ஊரிலேயே இருக்கும் அஞ்சலகம் மலிவு. வேறு வேலையாகக் காரைக்குடி வருகிற நாளில் அதே பெட்டியைக் கையோடு கொண்டுவந்தால் கணக்கு மாறிவிடும்.

ஐந்தாவது தொகையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சாதாரணமாக அனுப்பும் பொருள் தொலைந்தால் திரும்பக் கிடைப்பது மிகச் சிறிய தொகை. ஆயிரம் ரூபாய்ப் பலகாரத்துக்குக் காப்பீடு வேண்டியதில்லை. பல ஆயிரம் மதிப்புள்ள பட்டுச்சேலைக்கு மதிப்பைச் சொல்லிக் காப்பீட்டோடு அனுப்புவதே சிக்கனம். அப்போது கொடுக்கும் கூடுதல் தொகையை வீண் என்று எண்ண வேண்டாம்.

இரண்டு பெட்டியா, ஒரே பெட்டியா என்ற கேள்வியும் இங்கே வரும். ஒரே முகவரிக்கு என்றால் பெரும்பாலும் ஒரே பெட்டி மலிவு. முதல் அரைக் கிலோவுக்குத்தான் விலை அதிகம், அடுத்தடுத்த படிகள் குறைவு. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கனமான கவுனி அரிசியையும் பெரிய இடம் பிடிக்கும் ஓலைக் கொட்டானையும் அனுப்பும்போது, கொட்டானுக்குள்ளேயே அரிசிப் பையை வைத்தால் ஒன்றின் காலி இடத்தில் மற்றொன்றின் எடை உட்கார்ந்துவிடும். கொட்டானுக்கு மட்டும் தனிப்பெட்டி போட்டால் காற்றுக்குப் பணம் கட்டுகிறோம்.

ஆறாம் படி: முகவரி, ரசீது, நேரம்

பின்கோடு ஓர் எண் மாறினால் பெட்டி வேறு மாவட்டத்துக்குப் போய்த் திரும்பும். காரைக்குடிக்கு 630001 என்பதைச் சுற்று வட்டாரம் முழுவதற்கும் எழுதுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் எண்ணையே எழுத வேண்டும். பெறுபவரின் கைப்பேசி எண் கட்டாயம். வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பி வந்தால் மறுபடி அனுப்பும் செலவும் நம்முடையதே. வெளியே ஒட்டிய தாள் மழையில் கரைந்துபோவதால், முகவரியை எழுதிய இன்னொரு தாளைப் பெட்டிக்குள்ளும் போட வேண்டும். ஒட்டிய முகவரியின் மேல் அகலமான டேப்பை ஒட்டிவிடலாம்.

ரசீதை அங்கேயே படிக்க வேண்டும். எடை, பின்கோடு, தொகை மூன்றும் சரியா என்று பார்த்துவிட்டு, எண்ணைப் படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவிட வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் எல்லாக் கிடங்குகளும் நிரம்பி வழியும். இரண்டு வாரம் முன்பே அனுப்பினால் தரைவழிக் கட்டணத்தில் முடியும். கடைசி வாரத்தில் அனுப்புகிறவர் விரைவுக் கட்டணம் கட்டியும் பண்டிகைக்கு மறுநாள்தான் பலகாரம் போய்ச் சேரும். பலகாரம் சுடும் நாளை அதற்கேற்பத் திட்டமிட வேண்டும் என்று வீட்டில் சொன்னால் திட்டு விழும். ஆனால் வேறு வழியில்லை.

வெளிநாட்டுக்கு அனுப்புவோர்

சிங்கப்பூர், மலேசியாவில் பிள்ளைகள் இல்லாத தெரு செட்டிநாட்டில் அரிது. திருச்சியிலிருந்து விமானம் ஏறுகிறவர் கையில் கொடுத்தனுப்பும் வழக்கத்துக்கு ஈடாக மலிவு எதுவும் இல்லை. அப்படி ஆள் கிடைக்காதபோது, சிறிய பொருளுக்கு அஞ்சல் துறையின் பன்னாட்டுச் சேவைகளை முதலில் கேட்டுவிட்டுத் தனியார் கூரியரிடம் போகலாம். சுங்கத்துக்கான சி.என். 22 அல்லது சி.என். 23 படிவத்தில் பொருளின் பெயரையும் மதிப்பையும் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். "பரிசு" என்று மட்டும் எழுதினால் பிரித்துப் பார்ப்பார்கள். அமெரிக்காவுக்கு அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 800 டாலருக்குக் குறைந்த பார்சல்களுக்கு இருந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29-இல் முடிந்துவிட்டது. ஆகவே கட்டணத்தோடு சுங்க வரியையும் சேர்த்து எவ்வளவு என்று பதிவு செய்யும் நாளில் கேட்டு வாங்க வேண்டும்.

காரைக்குடியில் பழம்பொருள் கடைகளில் வாங்கிய மரப் பொம்மை, செப்புப் பாத்திரம், கதவுச் சட்டம் போன்றவற்றில் நூறு ஆண்டைத் தாண்டிய தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. பழையது போலத் தோன்றும் புதிய பொருள் என்றாலும், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் வாங்காமல் அனுப்பினால் சுங்கத்தில் நிற்கும். அங்கே நின்ற பொருளுக்கு ஆகும் செலவை இந்த வழிகாட்டியின் எந்தக் கணக்காலும் ஈடுகட்ட முடியாது.

காலி டின்

பிஸ்கட் டின்னைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். தீபாவளி முடிந்து ஒரு மாதம் கழித்து, அப்பத்தாவின் டின் ஆயிற்றே என்று தங்கை அதைக் கூரியரில் திருப்பி அனுப்பப் புறப்பட்டாள். காலி டின் 600 கிராம்கூட இல்லை, ஆனால் கன அளவு எடை 2 கிலோ. அதாவது பலகாரத்தோடு வந்தபோது கொடுத்ததில் பெரும்பகுதியை வெறும் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். தொலைபேசியிலேயே தடுத்து நிறுத்தினேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அதற்குள் இரண்டு கிலோ காப்பித்தூளை அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.